இரண்டு மணிக்கட்டும் காலி இல்லை

பல் டாக்டருக்கு இருந்தவை இரண்டே மணிக்கட்டுகள். இரண்டிலும் ஆள் இருந்தது.

"கையை நீட்டுங்கப்பா" என்றாள் மகள், கறுப்பு ரப்பர் பட்டை ஒன்றை விரித்துப் பிடித்தபடி.

"எந்தக் கையை?"

"ஏதோ ஒரு கை."

"இடது கையில பெரியவர் இருக்கார். வலது கையில உங்கம்மா கடைசியா வாங்கிக் குடுத்தது இருக்கு. மூணாவது கை முளைச்சா சொல்லி அனுப்பறேன்."

நாற்பது வருஷம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தன் வாயை மூடக் கற்றுக்கொள்ளவில்லை. சம்பாதித்ததில் வீடு கட்டினார், மகளைப் படிக்கவைத்தார், மிச்சத்தையெல்லாம் கைக்கடிகாரமாக மாற்றிக்கொண்டார். அவற்றில் மூத்ததுதான் 'பெரியவர்'. பேட்டரி போட்டது ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பல்சக்கரமும் சுருள்வில்லும் வைத்த உயர்ந்த ரகம். கை அசைய அசையத் தானாக முறுக்கேறும். கழற்றி வைத்தால் இரண்டொரு நாளில் நின்றுபோகும். அவர் எதையும் நிற்க விட்டதில்லை. கட்டாதவற்றுக்கென்று அலமாரியில் கண்ணாடி மூடி போட்ட ஒரு சுற்றுப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே இருக்கும் கடிகாரங்களை அது ராப்பகலாக மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இது வாட்ச் இல்லப்பா. நீங்க எவ்வளவு நடக்கறீங்கன்னு எண்ணும். நீங்க எங்க இருந்தாலும் கணக்கு என் போனுக்கு வந்துடும். தனியா இருக்கீங்க, எனக்கு பயமா இருக்கு. தினமும் பத்தாயிரம் அடி நடக்கணும். இவரைப் பாருங்க, ஒரு நாள் தவறினதில்ல."

'இவர்' என்பது மாப்பிள்ளை. சோபாவில் சாய்ந்திருந்த அவர், தன் மணிக்கட்டுப் பட்டையைப் பரிசு வாங்கிய பிள்ளைபோல் உயர்த்திக் காட்டினார்.

"நானும்தான் நடக்கறேன். வாட்ச் ரிப்பேர்காரர் கடை ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. போக, வர, நடைதான். பஸ் குலுக்கற குலுக்கல்ல வாட்ச் கலகலத்துப் போயிடும்."

"அதுக்கு என்ன சாட்சி?"

"சாட்சி வேணுமா? நான் என்ன மீட்டர் போட்ட டாக்ஸியா?"

மகள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "இதைக் கட்ட மாட்டீங்கன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடுங்க. தனி ரூம் தரேன். வாட்ச் எல்லாம் பேங்க் லாக்கர்ல பத்திரமா இருக்கட்டும்."

லாக்கர்! இருட்டில் அசைவில்லாமல் ஒவ்வொன்றாக நின்றுபோகும். மனைவி தந்ததும் நின்றுபோகும். பல் டாக்டர் பட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். கட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு ரிப்பேர்காரர் கடைக்கு நடந்தார். திரும்பி வந்தால், எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையோடு வாசலில் நின்றார். கதவில் பாதி பெயர்ந்திருந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

எதிர்வீட்டுக்காரர் பேயறைந்தவர்போல் பார்த்தார். "நீங்க உள்ள அசைவே இல்லாம கிடக்கறீங்கன்னு உங்க பொண்ணு போன் பண்ணி அழுதுதே!"

"கிடந்தது பட்டை சார். நான் இல்ல. கடப்பாரையைக் கீழ வைங்க."

தச்சருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தார். அசைவுதானே வேண்டும்? அசைவு கொடுப்பதற்கென்றே வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறதே! காலியாக இருந்த ஓர் இடத்தில் பட்டையை மாட்டி மூடினார். கொஞ்ச நேரத்தில் மகள் போன் செய்தாள்.

"சபாஷ்பா! கடகடன்னு ஏறுது!"

"அப்பா யாரு!" என்றார் பல் டாக்டர்.

பட்டையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது மட்டும் சுத்தமாக மறந்துபோனது. பொழுது விடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். மகளின் கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி பூரா நடந்திருக்கீங்கப்பா! இது தூக்கத்துல நடக்கற வியாதி. மாடிப்படி வெச்ச வீட்டுல இனி ஒரு நிமிஷம் உங்களை விட மாட்டேன்."

தடுப்பதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டாள், சட்டைகளை எடுத்து வைக்க. சட்டைகளுக்குப் பக்கத்தில், கடிகாரங்களுக்கு நடுவே, அவள் வாங்கித் தந்த பட்டை நிதானமாக நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு கோபப்பட்டாள். "ஏமாத்தியிருக்கீங்க!"

"ஆமா, ஏமாத்தினேன். ஏமாத்த முடியுதுல்ல, அதான் உன் பட்டையோட லட்சணம்." பல் டாக்டர் இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தச் சின்ன முள்ளைப் பாரு. இன்னும் எவ்வளவு முறுக்கு பாக்கின்னு காட்டும். உச்சியில நிக்குதா? நான் வீட்டோட முடங்கிக் கிடந்தா இது எப்பவோ கீழ இறங்கியிருக்கும். இதைவிட என்ன சாட்சி வேணும் உனக்கு?"

"இதையும் பெட்டியில வெச்சு சுத்தியிருப்பீங்க."

பல் டாக்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. பெரியவரைக் கழற்றினார். அவர் கையிலிருந்து அது இன்னொருவர் கைக்குப் போவது இதுவே முதல் தடவை.

"பெட்டி இல்லாத வீட்டுக்கே போகட்டும். மாப்பிள்ளை மூணு நாள் கட்டிக்கட்டும். அவர்தான் நடக்கறவராச்சே. முள் உச்சியில நின்னா என்னை என் வீட்டுல விட்டுடு. இறங்கிச்சுன்னா நான் உன் வீட்டுக்கு வரேன்."

வந்ததுமே சோபாவில் சாய்ந்துவிட்ட மாப்பிள்ளை நிமிர்ந்தார். "எதுக்கு மாமா வம்பு? விலை ஜாஸ்தியான பொருள். கீறல் விழுந்துடும்..."

"விழட்டும் மாப்பிள்ளை."

கீறல் விழட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னதைக் கேட்டு மகளே ஒரு கணம் ஆடிப்போனாள்.

மூன்றாம் நாள் மாலை மாப்பிள்ளையை ஆபீஸிலிருந்து கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள் மகள். அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் சோபாவில் புதைந்துகொண்டு, இடது கையை மட்டும் நீட்டினார்.

கடிகாரம் நின்றிருந்தது.

பல் டாக்டர் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். லேசாகத் தட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

"மூணு நாளும் பத்தாயிரம்பா. இந்தா போன், நீங்களே பாருங்க. இவ்வளவு நடந்தும் உங்க வாட்ச் நின்னுடுச்சு. அந்த முள்ளை நம்பி உங்களைத் தனியா விடச் சொல்றீங்களா?"

"என் வாட்ச் பொய் சொல்லாது."

"அப்ப இவர் பொய் சொல்றாரா?"

நாக்கு நுனிக்கு வந்த பதிலை, மாப்பிள்ளையாயிற்றே என்று விழுங்கினார். வாழ்க்கையில் அவர் விழுங்கிய முதல் பதில் அதுதான்.

"சரி. சொன்ன சொல் மாற மாட்டேன், வரேன். ஆனா லாக்கர் கிடையாது."

விறுவிறுவென்று சுற்றுப்பெட்டியைத் திறந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கடிகாரமாகக் கட்டத் தொடங்கினார். மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, அதற்கு மேலே ஒன்று, முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று.

"அப்பா, என்னப்பா இது? தெருவுல பாக்கறவங்க சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். எல்லாத்தையும் கட்டிக்கிட்டு நடந்தே வரேன் உன் வீட்டுக்கு. அங்கயும் நடப்பேன். ஹால்ல நடப்பேன், சமையலறையில நடப்பேன். ஒண்ணுகூட நிக்காது. இன்னும் தோள் வரைக்கும் இடம் இருக்கு!"

"உங்களுக்கு இவரைப் பாத்தாவது புத்தி வரக் கூடாதா? இப்பகூட இவர் கணக்கு ஏறிக்கிட்டே இருக்கு பாருங்க!"

போனைத் திருப்பிக் காட்டினாள். எண்ணிக்கை உண்மையிலேயே ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்தாற்போல் சோபாவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அவசரமாகக் காலை ஆட்டத் தொடங்கினார்.

அழைப்பு மணி அடித்தது. தச்சர் செய்து தந்த புதுக்கதவை மகள்தான் திறந்தாள். வாசலில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் ஆபீஸில் மாடி மாடியாக ஏறி இறங்கி டீ கொடுப்பவள். உள்ளே எட்டிப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது. கறுப்புப் பட்டை கட்டிய கையை உயர்த்திக் காட்டினாள்.

"சார், அவசரத்துல இதை வாங்கிக்காமலே கிளம்பிட்டீங்களே! ஆபீஸ்ல வழி கேட்டு வந்தேன். இன்னிக்குப் பத்தாயிரத்தை உங்களுக்கு மத்தியானமே நடந்து முடிச்சுட்டேன். இங்க வரைக்கும் நடந்து வந்ததை நாளைக் கணக்குல வெச்சுக்கறீங்களா?"