மூன்றாம் இலந்தை மரத்தடியில் அழுதவர் பற்றிய திருத்தம்

பாக்தாத் நகரில், காகிதக் கடைத்தெருவில், மடையர்களின் செய்திகளைத் திரட்டி நூலாக்கியிருக்கும் பேரறிஞர் அபுல் மகாரிம் அவர்களின் சமூகத்துக்கு, வாசித் நகரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துப் பிழைக்கும் அபூ ரய்யா எழுதிக்கொண்டது. தங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். இறைவன் தங்கள் ஆயுளை நீளமாக்கட்டும். தங்கள் நாணல் பேனாவைச் சற்றே குட்டையாக்கட்டும். இங்கு நானும் என் மகள் ரய்யாவும் கழுதையும் நலம். ஆற்றில் இந்த வருடம் வெள்ளம் அளவோடு வந்து அளவோடு போனது. தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவது மரபு, ஆகவே நானும் எழுதுகிறேன். ஆனால் தங்கள் நூலைப் படித்த பிறகு அந்த ஆவல் கொஞ்சம் குறைந்திருப்பதை மறைப்பதற்கில்லை.

நூலின் பிரதி ஒன்று எங்கள் பெரிய பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தது. அதில் நீண்ட தாடிக்காரர்களைப் பற்றி ஓர் அத்தியாயம், நெசவாளர்களைப் பற்றி ஒன்று, பள்ளி ஆசிரியர்களைப் பற்றி ஒன்று. நெசவாளர் அத்தியாயம் சிறியது, எங்களுடையது நீளம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மடமை என்னும் பெருந்துறைக்கு எங்கள் தொழிலார் ஆற்றியிருக்கும் பணியைத் தாங்களாவது கவனித்தீர்களே என்று ஒருவகையில் மகிழ்ச்சிதான். என் குறை, அந்த அத்தியாயத்தின் நடுவில் வரும் ஒரு செய்தியைப் பற்றியது. தாங்கள் எழுதியபடியே தருகிறேன்:

“துணி வணிகர் தலீக் எங்களுக்கு அறிவித்தார், அவருக்குக் குளியல்கூடத்து ஸுரைக் அறிவித்தார், அவருக்குக் கபுர்க்குழி தோண்டும் மிஸ்மார் அறிவித்தார்: வாசித் நகரில் அபூ ரய்யா என்றோர் ஆசிரியர் இருக்கிறார். கல்லறை எழுத்தைப் படித்தால் மறதி வரும் என்று கேள்விப்பட்டு, மையவாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டே போவார். மரங்களைத் தடவித் தடவிச் சென்று மூன்றாம் இலந்தை மரத்தடியில் தம் தந்தைக்காக அழுவார். அது அவர் தந்தையின் கபுர் அல்ல, வரி வசூலித்த ஜர்வலின் கபுர். பல வருடங்கள் கழித்து இதை அவரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் சொன்னார்: ‘போகட்டும். என் தந்தை தாராள மனசுக்காரர், கண்ணீரைத் திருப்பிக் கேட்கமாட்டார். இனி ஜர்வலின் வீட்டார் வந்து என் தந்தையின் கபுரில் அழட்டும், சரியாகிவிடும்.’”

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் பலமுறை படித்துப் பார்த்தேன். கல்லறை எழுத்தைப் படிப்பதும், பச்சைக் கொத்தமல்லி தின்பதும், ஒட்டக வரிசைக்கு நடுவே நடப்பதும் மறதியைத் தரும் என்று தங்களைவிடப் பெரியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வேதத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பவன் நினைவைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? அதற்காகவே தினமும் காலையில் உலர்திராட்சை தின்கிறேன். தின்றேனா இல்லையா என்ற சந்தேகம் வருவதால் மறுபடியும் தின்கிறேன். கண்ணை மூடியதில் பிழை இல்லை. என் தந்தை மூன்றாம் இலந்தை மரத்தடியில்தான் அடக்கமானார். பிறகு ஒரு வெள்ளத்தில் முதல் மரம் போய்விட்டது. போனதை எனக்கு மரமும் அறிவிக்கவில்லை, மனிதரும் அறிவிக்கவில்லை. ஆக, நாலாவதாக இருந்தது மூன்றாவதாகி, அதன் அடியில் ஜர்வல் இருந்தார். இது வெள்ளத்தின் மடமையே தவிர என்னுடையதல்ல. உண்மை தெரிந்ததிலிருந்து மரங்களை நம்புவதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே துஆச் செய்கிறேன்.

இருந்தாலும் இதற்காக நான் தங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். விஷயம் என் மகள் ரய்யாவின் நிக்காஹ். மாப்பிள்ளை ஹம்தூன், விளக்குக்கடை அபூ ஹம்தூனின் மகன். எங்கள் வீட்டு விளக்குகள் அடிக்கடி உடையத் தொடங்கியபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். காற்று என்று நினைத்தேன். பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து, விருந்துக்கு எத்தனை ஆடு என்பது வரைக்கும் வந்துவிட்டது. இந்த நேரத்தில்தான் தங்கள் நூல் வந்து இறங்கியது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த அபூ ஹம்தூன், வரி வசூலித்த அந்த ஜர்வலின் ஒரே மகன். தங்கமான மனிதர். ஆனால் தந்தையோ, காய்க்காத பேரீச்சை மரத்துக்கும் அது காய்க்க நினைத்திருக்கக்கூடும் என்று வரி போட்டவர். ஜர்வல் இறந்த அன்று எங்கள் ஊரில் யாருக்கும் அல்வா கிடைக்கவில்லை, அத்தனையும் காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிட்டது. இன்றுவரை ஊர் அந்த மகனிடம் முகம் கொடுக்காமல்தான் விளக்கு வாங்குகிறது.

கல்யாணம் பேசும் உம்மு லுபாபா ஒருநாள் அபூ ஹம்தூன் கடையிலிருந்து மூச்சிரைக்க வந்தாள்.

“புஸ்தகத்துல உங்களப் பத்திப் போட்டிருக்காமே, அது மெய்யா பொய்யான்னு தீர விசாரிச்சுச் சொல்லணுமாம். அதுக்கப்புறந்தான் தேதி வைப்பாராம்.”

“கோவமா இருக்காரா?”

“மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. அழுவாரோ அடிப்பாரோன்னு எனக்கே தெரியல.”

எனக்குத் தெரிந்துவிட்டது. தன் தந்தைக்காக இந்த உலகத்தில் அழுதவன் ஒரே ஒருவன், அவனும் கண்ணை மூடிக்கொண்டு வழிதவறி வந்தவன் என்று ஒரு நூலில் எழுதிவைத்து, அதைப் பாக்தாதிலிருந்து குராசான் வரை படித்துச் சிரித்தால் எந்த மகனுக்குத்தான் பொறுக்கும்? செய்தி பொய் என்று நிரூபித்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. உள்ளேயிருந்து ரய்யா சொன்னாள்: “வாப்பா, இது மட்டும் நின்னுபோச்சுன்னு வைங்க, காலம் பூரா இந்த வீட்லயே உக்காந்து உங்க தாடி நரைக்கிறத வேடிக்கை பாத்துக்கிட்டிருப்பேன்.”

ஒரு செய்தியைப் பொய்யாக்குவதற்கு அறிஞர்கள் வகுத்த வழி தங்களுக்குத் தெரியாததல்ல. செய்தியோடு மல்லுக்கட்டக் கூடாது, அறிவித்தவர்களைப் பிடிக்க வேண்டும். ஒருவர் சொல்ல ஒருவர் கேட்ட அந்தச் சங்கிலியில் ஒருவன் பொய்யன், அல்லது மறதிக்காரன், அல்லது புத்தி கலங்கியவன் என்று காட்டிவிட்டால் செய்தி தானாக விழுந்துவிடும். மூன்று பேரில் ஒரு பொய்யன்கூடவா இல்லாமல் போவான், அதுவும் எங்கள் ஊரில் என்ற தைரியத்தோடு துணி வணிகர் தலீக்கின் கடைக்குப் போனேன்.

“வாங்க வாத்தியாரே. அந்தத் துணியத் தொடாதீங்க, ஓரத்துல பூச்சி அரிச்சிருக்கு.”

“நான் துணி வாங்க வரல. நீங்க பொய் பேசறதுண்டான்னு கேக்க வந்தேன்.”

“பேசிப் பாத்தேன், நாக்கு கேக்க மாட்டேங்குது. கேட்டிருந்தா இந்நேரம் கடை ரெண்டாயிருக்காதா?”

“எனக்காக ஒண்ணே ஒண்ணு. பாக்தாத்ல நீங்க சொன்னது பொய்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“அப்படிச் சொன்னா அது பொய்யாயிருமே!” என்றார் மனிதர், உண்மையான வருத்தத்தோடு.

அங்கிருந்து குளியல்கூடத்துக்குப் போனேன். ஸுரைக் ஒரு வாசனைத் திரவிய வியாபாரியின் முதுகைத் தேய்த்தபடி, “போன மாசத்துக்கு இப்ப இன்னும் பெருத்துட்டீங்க முதலாளி, தேய்ச்சு மாளல” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்படி உண்மை பேசியே பாதி வாடிக்கையைத் தொலைத்தவன் அவன். என் பிரச்சினையைக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: “புத்தி நெஞ்சுல இருக்குன்னு ஒரு கூட்டம், மூளையில இருக்குன்னு ஒரு கூட்டம், பெரிய பெரிய ஆளுங்கல்லாம் சண்டை போடறாங்க. உங்க விஷயத்துல மட்டும் ரெண்டு கூட்டமும் தோத்துப்போச்சு வாத்தியாரே.” வியாபாரி சிரித்ததில் சோப்பு நுரை என் தாடிவரை வந்தது. அந்த நீண்ட தாடியைத் தொட்டுக் காட்டி, “இதையும் வெச்சுக்கிட்டு எதுக்குச் சாட்சி தேடறீங்க?” என்று வேறு கேட்டான்.

மிச்சமிருந்தது மையவாடி. வயதானவர், நினைவு தப்பியிருக்கும் என்ற நம்பிக்கையில் மிஸ்மாரிடம் போனேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை யார் யார் படுத்திருக்கிறார்கள், யார் எந்த நோயில் போனார்கள், யார் வீட்டில் தமக்கு ஹரீஸாக் கஞ்சி கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கடைசி ஆசையாகக் கேட்டேன்: “என் கதைய உங்களுக்குச் சொன்னது யாரு?”

“யாரா? நீங்கதான்! ‘இது ஜர்வல் கபுராச்சே’ன்னு நான் சொன்னேன், என் பங்கு அம்புட்டுத்தான். கண்ண மூடினது, மரத்தத் தடவினது, வாப்பான்னு நெனச்சு அழுதது, எல்லாம் நீங்களா என் தோளப் புடிச்சுக்கிட்டுச் சொன்னதுதானே? அதுவரைக்கும் நீங்க நெசமாவே ஜர்வலுக்காக அழறீங்கன்னுல்ல நெனச்சேன். உங்களோட பேசறதையே கொறச்சிருந்தேன்.”

பேரறிஞரே, அந்த இடத்தில்தான் என் உள்ளத்தில் ஒளி பிறந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணி நான். இந்தச் செய்தி முழுவதும் என் வாய்ச்சொல்லில் தொங்குகிறது. அறிவிப்பவர் புத்தி தெளிந்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மடையனின் அறிவிப்பு செல்லாது. இப்போது யோசியுங்கள். நூல் சொல்வதுபோல் நான் மடையன் என்றால் என் அறிவிப்பு செல்லாது, செய்தி பொய், பொய்யான செய்தியை வைத்து என்னை மடையன் என்று சொல்ல முடியாது. நான் மடையன் இல்லை என்றால் என் அறிவிப்பு செல்லும், செய்தி உண்மை, ஆனால் மடையன் அல்லாதவனின் செய்திக்கு மடையர் நூலில் என்ன வேலை? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துத்தான் ஆகவேண்டும். இதை எங்கள் காஜியாரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் தலைப்பாகை கழன்று விழும்வரை குலுங்கினார். பிறகு அன்றைய வழக்குகளை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆழ்ந்து சிந்திப்பதற்காக என்று எண்ணுகிறேன்.

ஆகவே, இந்தச் செய்தியைத் தங்கள் நூலிலிருந்து நீக்கி, நீக்கினேன் என்று ஒரு வரி எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன். ஏற்கெனவே விற்ற பிரதிகளில் அந்த இடத்தில் மை கொட்டிவிடலாம். இதில் ஒரு பெண்ணின் வாழ்வு இருக்கிறது. ரய்யா தங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். வேறு சிலவும் சொன்னாள், அவற்றை எழுதவில்லை. தங்கள் மக்களும் மாணவர்களும் பல்கிப் பெருகட்டும், அவர்களில் எவரும் பள்ளி ஆசிரியர் ஆகாதிருக்கட்டும். தங்கள் விளக்கில் எண்ணெயும் தங்கள் வீட்டில் பரக்கத்தும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நூலால் அறியப்பட்ட
அபூ ரய்யா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். முத்திரை வைப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை அபூ ஹம்தூனுக்கு வாசித்துக்காட்டுவது முறை என்று அவர் கடைக்குப் போனேன். பொய்யென்று நிரூபித்த இடம் வந்ததும், வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் கையிலிருந்த திரியை முறுக்குவதை நிறுத்திவிட்டிருந்தார்.

“அப்போ… யாருமே அழலையா?” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எங்க வாப்பா ஜனாஸாவுக்கு நாலு பேரு வந்தாங்க, நாலு பேரும் தூக்க வந்தவங்க. ஊருக்குப் பயந்துகிட்டு நான்கூட அழல வாத்தியாரே. அன்னிக்குப் போனதோட சரி, கபுரு பக்கமே தலைவெச்சுப் படுக்கல. அந்தப் புஸ்தகத்துல பாத்ததும்தான், அடடா, ஒருத்தராவது அழுதிருக்காரேன்னு… ஆளு மாறினா என்ன, கண்ணீரு அங்கதான விழுந்துச்சு? அது மட்டும் மெய்யா இருந்தா அந்த வீட்லதான் சம்பந்தம் வைக்கணும்னு இருந்தேன்.”

“மெய்தான் சம்பந்தி. எழுத்துக்கு எழுத்து மெய்.”

“இப்பத்தானே பொய்னு நிரூபிச்சீங்க?”

“நிரூபிச்சது யாரு? நானு. என் பேச்ச நம்பலாமா கூடாதான்னுதான் புஸ்தகத்துலயே போட்டிருக்கே!”

திரியைக் கீழே வைத்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜர்வலின் மகன் சிரித்து ஊர் பார்த்தது அதுதான் முதல்தடவை. நிக்காஹ் வருகிற வியாழக்கிழமை. ஆகவே ஒரு சொல்லையும் நீக்காதீர்கள். ஒரே ஒரு திருத்தம் மட்டும்: நூலில் ‘அழுவார்’ என்று வெறுமனே இருக்கிறது. ‘தேம்பித் தேம்பி அழுவார்’ என்று போடுங்கள். உண்மையும் அதுதான், சம்பந்திக்கும் நிறைவாக இருக்கும்.

கிளம்பும்போது அவர் வெட்கத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வீட்டார் வந்து உங்க வாப்பா கபுர்ல அழணும்னு புஸ்தகத்துல நீங்க கேட்டது நியாயம் சம்பந்தி. புஸ்தகம் வந்ததுலேருந்து வெள்ளிக்கிழமை தவறாம உங்க வாப்பா கபுருக்குப் போறேன். மரத்தடியில நின்னு மனசார அழறேன். ஏன்னே தெரியல, அங்க போனா அழுகை அப்படிப் பொங்கிக்கிட்டு வருது” என்றார். எந்த மரத்தடி என்று கேட்டேன். “அதான் எழுதியிருக்கே, மூணாவது இலந்தை மரம். நானும் கண்ணத் தொறக்கறதில்ல.”

அந்த மரத்தடியில் இருப்பது என் தந்தையல்ல, அவருடைய தந்தை என்பது தங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மிஸ்மாருக்குத் தெரியும். நூலின் அடுத்த வரியிலேயே இருக்கிறது, ‘மூன்றாம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட சம்பந்தி மட்டும் அதைக் கவனிக்கவில்லை. அவரிடம் நான் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை. என் தந்தை தாராள மனசுக்காரர். தாங்கள் விரும்பினால் இதையும் நூலில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.