சுவரைத் தொடாத சார்ஜ்

"ஷேவிங்கா? காலையிலதான் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கே!" என்று சலூன்காரர் வாத்தியாரின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"பரவாயில்லை, இன்னொரு தடவை பண்ணுங்க. மெதுவாவே பண்ணுங்க," என்றார் வாத்தியார். அவர் கண்ணெல்லாம் கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளக்கில்தான் இருந்தது. "அப்படியே இந்த போனையும் கொஞ்சம்..."

முந்தைய ஊரில் காலையில் ஷேவிங் பண்ணிக்கொண்டதும் இதற்காகத்தான்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்துகிறவர் ஊர் ஊராகப் போய்க் கரண்ட் பிச்சை எடுப்பது பார்க்க நன்றாகவா இருக்கிறது? பன்னிரண்டு நாள் சைக்கிள் பயணம். சக்கரத்தில் அவரே வடிவமைத்த டைனமோ. "பெடலை மிதிச்சாப் போதும், போன்ல சார்ஜ் ஏறும். திரும்பி வர்ற வரைக்கும் சுவர்ப் பிளக்கைத் தொட மாட்டேன்" என்று வகுப்பில் மார்தட்டிவிட்டுக் கிளம்பியிருந்தார். லேபில் முப்பது மாணவர்கள் சோதித்து, முப்பது பேருக்கும் புள்ளி பிசகாமல் ஒரே ரீடிங் வந்த கருவி அது. சாலைக்கு வந்ததும் படுத்துவிட்டது. மூன்று நாளாகக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். அரை சதவீதம்கூட ஏறவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரீடிங் விஷயத்தில் வாத்தியார் நெருப்பு என்று பெயர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து லேப் அட்டெண்டர் கரும்பலகையில் எழுத, மாணவர்கள் கிராஃப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஷேவிங் முடிந்தபோது இருபது சதவீதம். முடிவெட்டச் சொன்னார். முப்பத்தைந்து. இன்னும் கொஞ்சம் வெட்டச் சொன்னார்.

"இதுக்கு மேல வெட்ட ஒண்ணுமில்ல சார்," என்று சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தபோது நாற்பத்தெட்டு.

"எல்லாம் என் கால் செய்த வேலை" என்று எழுதி அனுப்பினார். அனுப்பியபின் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. மொட்டைக்கு அரை அங்குலம் குறைவான தலை மட்டும் அதற்குக் காரணமில்லை.

உடனே கடைசி பெஞ்சு மாணவனிடமிருந்து செய்தி வந்தது. "சார், உங்க ஃபார்முலாவுல போட்டுப் பார்த்தேன். மணிக்கு எண்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்துல மிதிச்சிருக்கீங்க."

"இறக்கம்," என்று தட்டினார் வாத்தியார்.

"ஒரு மணி நேரமாவா சார்?"

"பெரிய மலை."

"மேப்ல அங்க மலையே காட்டலையே சார்."

இவனுக்குப் பாடம் ஏன் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தோம் என்று வாத்தியார் நொந்துகொண்டார். அடுத்த ரீடிங்காவது நம்பும்படி இருக்கட்டும் என்று, சார்ஜைக் கொஞ்சம் இறக்க டார்ச்சைப் போட்டார், வீடியோவையும் ஓடவிட்டுப் பையில் வைத்துச் சைக்கிளை மிதித்தார். ஏறத் தெரியாத சார்ஜுக்கு இறங்க நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த ஊரில் எடுத்துப் பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. ரீடிங் அனுப்ப இன்னும் இருபது நிமிடம்தான்.

கண்ணில் பட்ட முதல் திறந்த கதவுக்குள் நுழைந்து, நாற்காலிக்குப் பக்கத்துப் பிளக்கில் போனைச் செருகிவிட்டுத்தான் போர்டைப் படித்தார். பல் ஆஸ்பத்திரி.

"எந்தப் பல் வலிக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

வாத்தியார் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினார்.

"இது நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல இருக்கிறதுதான் போச்சு. இன்னிக்கே எடுத்திடலாம்."

போன் பதினேழு சதவீதத்தைத் தொட்டபோது வாத்தியாருக்கு ஒரு பல் குறைந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் போன கையோடு அட்டெண்டர் கூப்பிட்டார்.

"சார், நல்ல சேதி! போர்டைப் பார்த்து பிரின்ஸிபால் அசந்துட்டாரு. அடுத்த வாரம் நம்ம முப்பது பசங்களையும் உங்க கருவியோட சைக்கிள்ல அனுப்பறாராம். நாலு நாள், காட்டு வழி. பிளக்கே இல்லாத பாதையா அவரே பார்த்து எடுத்திருக்காரு. வழி பார்க்கிறதும் வீட்டுக்குப் பேசறதும் அந்தக் கருவில சார்ஜ் ஏத்தற போன்லதான். பசங்க மூச்சுகூட விடலை சார்!"

நடுக்காட்டில் செத்த போனோடு முப்பது பிள்ளைகள். மானம் போனால் போகட்டும் என்று வாத்தியார் வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"அண்ணே, அனுப்ப வேணாம்னு சொல்லுங்க. அது ஏறவே இல்லண்ணே. நான் அனுப்பினதெல்லாம் பொய். சலூன்ல போட்டேன், இப்ப பல் ஆஸ்பத்திரியில போட்டேன். பசங்க முகத்துல இனி எப்படிண்ணே முழிப்பேன்?" குரல் உடைந்துவிட்டது.

"அழாதீங்க சார்," என்றார் அட்டெண்டர். "லேப்லயும் அது ஏறலை. 'ஏறலை'ன்னு எழுதிட்டு வந்த முதல் பையன் நோட்டை நீங்க ஜன்னல் வழியா வீசினீங்க பாருங்க, அப்புறம் முப்பது பேரும் என் மேஜைப் பிளக்லதான் சார் வரிசையா நின்னு சார்ஜ் போட்டுக்கிட்டாங்க."