மரை ஓடுது, மச்சான்

உலகத்தில் நடக்கும் சண்டை அத்தனைக்கும் எங்கோ ஒரு ஸ்குரூவின் மரை தேய்ந்ததுதான் காரணம் என்று நம்பிய ஒரே மனிதர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். பகலில் மருந்துக் கம்பெனி வேலை. மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருந்த குட்டி லேத்தில் மரை வெட்டுவார். சாப்பாடு தரையில்தான். தெருவுக்கே அவர் மரை மச்சான்.

வெட்ட ஆரம்பித்தால் முன்னே ஒரு ஓட்டம், பின்னே ஒரு ஓட்டம் என்று போகும். நடுவில் லீவரைத் தளர்த்திவிட்டால் வெட்டும் டூல் பழைய பள்ளத்தில் விழாது, வேலை பாழ். யாராவது தட்டிவிடுவார்களோ என்று ஒரு கையை லீவர் மேலேயே வைத்திருப்பார்.

"சார், சிலிண்டர்!"

"மரை ஓடுது!"

சிலிண்டர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கடை இட்லியோடு காலம் தள்ளினோம்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் பார்க்க, அவரோடு சிதம்பரம் போனேன். பெண், வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மச்சான் பெண்ணைப் பார்த்ததைவிடத் தையல் மிஷினைப் பார்த்ததுதான் அதிகம். வாயே திறக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்குரூவை எடுத்தார்.

"என்னா மச்சான் இது?"

"அவுங்க மிஷின்ல கழட்டுனதுடா. மரை தேஞ்சிடுச்சி. கடையில கெடைக்காத அளவு."

"சொல்லிட்டு எடுத்தீங்களா?"

"மறந்துட்டேன்."

மறுநாள் காலை மச்சான் லேத்தில் இருக்க, அவர் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பெண்ணேதான்.

"பொண்ணு பாக்க வந்தீங்களா, ஸ்குரூ திருட வந்தீங்களா? பக்கத்து வூட்ல நாளைக்கி முகூர்த்தம், கல்யாணப் பொண்ணு பிளவுஸ் பாதியில நிக்குது. இந்த எடமே வேணாங்கறாரு எங்கப்பா!"

போனை மச்சான் காதில் வைத்தேன்.

"மரை ஓடுது," என்றார்.

கல்யாணம் போச்சு என்று நினைத்து நானே பேசினேன். "ஏங்க, உங்க ஸ்குரூவதான் புதுசா வெட்றாரு. பாதியில வுட்டா கெட்டுடும்."

அவள் குரல் இறங்கியது.

"பாதியில எடுத்தா தையலும் கோணிக்கும். முடிக்கட்டும், லைன்லயே இருக்கேன்."

ஸ்பீக்கரைப் போட்டேன். லேத் முன்னே ஓடியது, பின்னே ஓடியது. சிதம்பரம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாம் நின்றது.

"முடிஞ்சிடுச்சா?"

"கரண்ட் போயிடுச்சிங்க," என்றார் மச்சான். 'மரை ஓடுது'வை விட்டால், அவர் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"இங்கயும் ஜாஸ்தி போவுதுங்க."

அப்படியே பேச்சு வளர்ந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகும் வளர்ந்தது.

"மச்சான், கரண்ட் வந்துடுச்சி!"

லீவர் மேலிருந்த கையை எடுத்து, "சும்மா இருடா" என்று என்னை அடக்கினார்.

சாயங்காலம் ஸ்குரூவோடு சிதம்பரம் போனோம். கச்சிதமாக ஏறியது. மிஷின் ஓடியதைப் பார்த்த அவள் அப்பா, மாப்பிள்ளைக்கு இன்னொரு காபி போடச் சொன்னார்.

இப்போது சிதம்பரத்தில் தையல் மிஷினும் லேத்தும் ஒரே அறையில் இருக்கின்றன. நான் போன் செய்தால் பாதி நாள், "மரை ஓடுதுடா" என்ற குரலோடு சரி.

நானும் வைத்துவிடுவதில்லை. லைனிலேயே இருக்கிறேன்.