முருகன் மாடத்தில் கருவாட்டுப் புகை

ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதில் எட்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. வேலி ஓட்டை, சுவர் ஓட்டை, பலகை ஓட்டை எதுவானாலும் சரி. (என் வீட்டுக்காரர் இதை 'ஆராய்ச்சி' என்று மரியாதையாகச் சொல்வார். நாத்தனார்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.) இப்படிப்பட்ட ஒருத்தி, சுவருக்குள் ஆளே நுழைகிற அளவு ஓட்டை உள்ள மாடி வீட்டுக்குக் குடிபோனால் அந்த வீடு என்ன ஆகும்?

அறுபதுகளின் ஆரம்பம் அது. கல்யாணமான புதிதில் நாங்கள் இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், மாமனாரோடு இருந்தோம். மாமா அங்கே ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒரே ஒரு காம்பிரா எங்களுக்கு. அதற்குள் மாமா, இரண்டு நாத்தனார்கள், நாங்கள் இருவர். நடுவில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி, அதுதான் சுவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு குடும்பம் நடத்தினோம். நாத்தனார் தும்மினால் சுவர் ஆடும்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு ஹட்டன் டவுனில் புடவைக் கடை வேலை கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் போகிற ஏற்றத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடமும் விலைக்கு வந்தது. எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் கட்டி, இருந்து, அலுத்துப்போய்க் கப்பலேறிய கட்டடம். கீழ்ப்பாதியை லொறி டிரைவர் சூசை அண்ணன் வாங்கினார். மேல்பாதியை, மகனுடைய பிடிவாதத்துக்காக, மாமா வாங்கினார். (அவர் கையில் இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. அது இல்லாதவர்கள் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுவதுகூட வீண் என்று இருந்த காலம்.)

வாங்கினாரே தவிர, மாமாவுக்கு மனசு ஒப்பவே இல்லை.

"மேல இருக்குற வீட்டுக்கு அடியில மண்ணு ஏது? மண்ணு இல்லாம என்னா வீடு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். "கொஞ்ச நாளைக்கு இருந்து பாருங்க. நான் ஒரு வெள்ளிக்கிழமையா வந்து பாக்குறேன். மனசுக்குப் புடிச்சா இருங்க. இல்லாட்டி, வாங்கிக்கிறேன்னு கேட்டுக்கிட்டு இருக்காரே ஒங்க கடை மொதலாளி, அவருக்கே குடுத்துட்டு லயத்துக்கு வந்துருங்க."

மறுபடியும் அந்தச் சேலைச் சுவருக்கா? உயிரே போனாலும் மாடியை விட்டு இறங்குவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் சொந்தம் என்றால் எதுவரைக்கும் சொந்தம் என்பது எனக்குப் பிடிபடவில்லை. லயத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லவேண்டும். அவர் தனக்கு மேலே உள்ள கண்டாக்கையாவிடம் சொல்வார். அவர் தோட்டத்தை ஆளும் துரையிடம் சொல்வார். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. எங்கள் வீட்டுத் தரைப் பலகையின் அடிப்பக்கம்தான் சூசை அண்ணன் வீட்டு மேற்கூரை. லாம்பு தொங்கவிட அவர் கீழேயிருந்து ஓர் ஆணி அடித்தார். நுனி எங்கள் தரையில் முளைத்தது. ஆணி அவருடையது, நுனி குத்திய கால் என்னுடையது. யார் யாரிடம் சொல்லி அழுவது?

மாடிப்படி இருக்கிறதே, அது எங்களுக்கு. சரி. படிக்கு அடியில் உள்ள இடம்? சூசை அண்ணன் அங்கே விறகு அடுக்கியிருந்தார். முற்றத்தில் ஒரே பைப். தகரக் கூரை மேலே இருப்பதால் எங்களுடையது என்று நாங்களாகவே தீர்மானித்துக்கொண்டோம். ஒரு மழையில் அது ஒழுகி, எங்கள் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சூசை அண்ணன் மனைவி ஆரோக்கியம் அக்காவின் மாவுச் சட்டியில் விழுந்தது.

"கூரை ஒங்களோடதுன்னா ஒழுக்கு மட்டும் எப்புடி எங்களோடதாச்சு, பாக்கியம்?" என்று அக்கா கீழேயிருந்து என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கும் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்து அதைப் பற்றி வெகுநேரம் யோசித்தோம். ஆளுக்கொரு கோப்பை பால் விடாத பிளேன்டீ குடித்துவிட்டு எழுந்தோம்.

இனி அந்த ஓட்டைக்கு வருகிறேன். எங்கள் முன்னறைச் சுவரில், தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு, மேலே வளைவு வைத்து அழகாகக் கட்டிய ஒரு பெரிய மாடம் இருந்தது. இதே போல் ஒன்று கீழ்வீட்டிலும் அதற்கு நேர் அடியில் இருந்தது. குளிர் காய வெள்ளைக்காரர்கள் விறகெரிக்கிற கணப்பு அது என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் நாலு பேருக்கும் தெரியாது. எங்களில் யாரும் துரை பங்களாவுக்குள் கால் வைத்தது கிடையாது. வாசற்படியோடு நின்று சலாம் போட்ட வம்சம்.

சுவரில் வளைவாக மாடம் இருந்தால் அதில் என்ன வைப்பார்கள்? சாமியைத்தான் வைப்பார்கள். கட்டிய வெள்ளைக்காரர் எவ்வளவு பக்திமானாக இருந்திருக்கிறார் என்று நான் வியந்துபோனேன். உட்பக்கம் கரியாக இருந்ததை, பல காலம் விளக்கேற்றிய அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். (அவ்வளவு பெரிய விளக்கு!) தேய்த்துக் கழுவி, திருநீறு பூசி, முருகன் படத்தை வைத்தேன்.

முருகன் அங்கே நிம்மதியாக இருக்கவில்லை. மேலேயிருந்து குளிர்காற்று இறங்கி விளக்கை அணைத்தது. மழை பெய்தால் படத்தின்மீது சொட்டியது. போதாக்குறைக்கு, சாயந்தரம் விளக்கு வைத்துக் கும்பிடும்போதெல்லாம் மாடத்துக்குள்ளிருந்து ஆரோக்கியம் அக்கா செபமாலை சொல்லும் குரல் வந்தது. முருகனும் மாதாவும் ஒத்துப்போனார்கள். எனக்குத்தான் குழப்பம்.

என்னால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. படத்தை எடுத்து வைத்துவிட்டு, மாடத்துக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன். கரிய சுரங்கம் ஒன்று நேரே மேலே போய், உச்சியில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. ஆகா, காற்றும் மழையும் வருகிற வழி இதுதான்! தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கொழுந்துச் சாக்குகள் வீட்டில் இருந்தன. அவற்றைப் பந்தாகச் சுருட்டி, கம்பால் குத்திக் குத்தி, அந்தச் சுரங்கத்தின் கழுத்தில் இறுக்கி அடைத்தேன். வானம் மறைந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது. என் சாமர்த்தியத்தை மெச்ச ஆள் இல்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மேலே பார்த்தவள், ஒரு தடவை கீழேயும் பார்த்திருக்கலாம். அதே சுரங்கம் முருகனுக்குப் பின்புறமாகக் கீழ்வீட்டு மாடத்துக்கு இறங்குவது தெரிந்திருக்கும். என் ஆராய்ச்சி மேல்பாதியோடு நின்றுவிட்டது. மேல்பாதிதானே நாங்கள் வாங்கியது!

சொன்னபடியே ஒரு வெள்ளிக்கிழமை மாமா வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை. வெள்ளிக்கிழமைகளில் அவர் விரதம். கவிச்சி வாடை பட்டாலே மறுபடி குளிப்பவர். அன்று பார்த்து விடியற்காலையிலிருந்து அடைமழை. படியேறி வந்தவர் பலகைத் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். 'டொங்' என்றது.

"பொட்டியில நிக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டென்று, "மொதல்ல சாமி கும்புடுங்கப்பா. மாடத்தப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்றார். மாமா பார்த்தார். முகம் இளகியது. "அட, சாமிக்குன்னே கட்டியிருக்காங்களே. பரவாயில்ல தாயி," என்று கோட்டைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தார். வீடு பாதி தேறிவிட்டது என்று எனக்குப் பட்டது.

அதே நேரம் கீழே என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆரோக்கியம் அக்காவின் அடுப்பு பின்பக்கச் சாய்ப்பில் இருந்தது. அடைமழையில் அடுப்புக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வேதக்காரர்கள் இறைச்சி சாப்பிடமாட்டார்கள் என்பதால் அன்றைக்குக் கருவாடு. எங்கே சுடுவது? அக்கா சுவர் மாடத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே கரி. கரி இருந்தால் அது அடுப்பு. விறகை வைத்துப் பற்றவைத்துவிட்டார். அந்தக் கட்டடத்தின் மர்மத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

மேலே மாமா சூடத்தைக் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, "முருகா!" என்று உருகினார். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து மெல்லப் புகை எழுந்தது. மாமா கண்ணைத் திறந்தார். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"தாயி, சாம்பிராணி போட்டியா?"

"இல்லீங்க மாமா."

"போடாமலே பொகையுதே! முருகா!" என்று மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்து ஒரு பெரும் புகைச் சுருள் கிளம்பி நேரே அவர் முகத்தில் மோதியது. பக்தியோடு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

அவருடைய முகத்தில் அப்போது நடந்த மாற்றத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நல்ல சாளைக் கருவாடு.

"என்னாடா இது! முருகன் வாயில கருவாட்டு வாடை!" என்று துள்ளி எழுந்தார். அறை முழுக்கப் புகை. அவர் இரும, என் வீட்டுக்காரர் இரும, "அப்பா, அது சாமியில்லப்பா, கீழ்வீடு!" என்று இருமலுக்கு இடையில் சொல்ல, யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. கீழேயிருந்து ஆரோக்கியம் அக்கா, "பாக்கியம், மேல என்னா செய்றீங்க? பொக எங்க பக்கமே திரும்பி வருதே!" என்று முருகன் வழியாகவே கத்தினார்.

அப்போதுதான் எனக்குச் சாக்கு நினைவுக்கு வந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் படத்தை எடுத்து வைத்தேன். கம்பை எடுத்தேன். மாமா என்ன நடக்கிறது என்று பார்க்க மாடத்துக்குள் குனிந்தார். நான் கம்பைச் சாக்கில் குத்தி, ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தேன்.

சாக்கு இறங்கியது. அதோடு வெள்ளைக்காரர் காலத்துக் கரி அத்தனையும் இறங்கியது. பாதி மாமாமேல் விழுந்தது. மீதியும் சாக்கும் கீழே போய் ஆரோக்கியம் அக்காவின் நெருப்பில் விழுந்தன. அக்கா பயந்துபோய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். 'புஸ்' என்று ஒரு சத்தம். கீழேயிருந்து சாம்பல் கிளம்பி மேலே வந்து, கரி படாமல் தப்பியிருந்த என்னையும் கவனித்துவிட்டுப் போனது.

எல்லோரும் மழையில் முற்றத்துக்கு ஓடினோம். தலைமுதல் கால்வரை கறுப்பாக மாமா. கையில் கருவாட்டுச் சட்டியோடு ஆரோக்கியம் அக்கா. தூக்கத்திலிருந்து எழுந்து வந்த சூசை அண்ணன். முற்றத்தில் போய் வரிசையாக நின்றோம், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்பது போல. நாங்கள் யாருக்காகக் காத்து நின்றோம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அப்படித்தான் பழக்கம், ஏதாவது உடைந்தால் போய் நிற்கவேண்டும், யாராவது வந்து திட்டவேண்டும். யாரும் வரவில்லை.

மாமா கூரையை நிமிர்ந்து பார்த்தார். அடைப்பு நீங்கிய புகைக்கூண்டிலிருந்து மிச்சப் புகை மழைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பங்களாக் கூரையில பொக போறத ஆயுசு பூராப் பாத்திருக்கேன்," என்றார் மெதுவாக. "அது உள்ளாற எங்கேருந்து கெளம்புதுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அத அடைச்சது யாரு?"

"நான்தாங்க மாமா." எனக்கு அழுகை வந்துவிட்டது. லயத்துச் சேலைச் சுவர் கண்முன்னால் ஆடியது.

"யாருகிட்டக் கேட்ட?"

"யாருகிட்டயும் கேக்கலீங்க."

மழைத்தண்ணீர் அவர் முகத்துக் கரியில் கோடு போட்டு இறங்கியது.

"நம்ம காம்பிராவுல ஒரு சன்னல் வெட்டித் தாங்கன்னு எத்தனை தொரைகிட்டக் கேட்டிருப்பேன். எங்க அப்பாவும் கேட்டாரு. கடைசிவரைக்கும் வெட்டல," என்றார். "நீ ஒருத்தரையும் கேக்காம ரெண்டு வீட்டையும் பொகைய வச்சுப்புட்டியே தாயி. ஒரு பயலும் வந்து ஏன்னு கேக்கல பாரு. அப்ப இது நம்ம வீடுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. எனக்கு அழுகை நிற்க நாழியாயிற்று. கடை முதலாளிக்கு வீடு கொடுப்பதில்லை என்று அன்றைக்கே ஆள் போனது. கூண்டு யாருக்குச் சொந்தம் என்பதையும் மாமாவே தீர்த்துவைத்தார்: ரெண்டு வீட்டுக்கும் சொந்தம், வருஷத்துக்கு ஒரு தடவை சூசை அண்ணனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஏறித் துடைக்கவேண்டும், வெள்ளிக்கிழமை மட்டும் அதில் கருவாடு கூடாது. முருகன் எதிர்ச்சுவர்ப் பலகைக்குக் குடிபோனார். குளிர் நாட்களில் மாமா வந்தால் கணப்பில் விறகெரித்து, அதன் முன்னால் காலை நீட்டி உட்காருவார்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது கண்ணாடியை உடைத்தால், பைப்பைத் திருகிக் கையோடு கழற்றிவிட்டால், பேரன் சுவரெல்லாம் கிறுக்கிவைத்தால், அடி விழுவதற்கு முன்னால் ஒரு விசாரணை உண்டு.

"யாருகிட்டயாச்சும் கேட்டியா?"

"கேக்கல."

"அப்ப நம்ம வீடுதான்!" என்று வீடே சேர்ந்து கத்தும். அதற்குப் பிறகு யாரையும் அடிக்க முடிவதில்லை.