மதில் சுவரில் ஒன்பது பேர்

"எங்கப்பாவுக்கு மீசையே கிடையாது. மீசை வெச்சவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது!"

மைதானத்து மதில் சுவர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்ற டிபெட்ஸ் வீட்டு அம்மாளை வெர்லின் பரிதாபமாகப் பார்த்தார்.

சுவரில் ஒன்பது ஆட்டக்காரர்கள் ஆளுயரத்துக்கு நின்றார்கள். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துப் பொக்கடெல்லோ ஊரின் மார்மட்ஸ் பேஸ்பால் அணி 1952-இல் சின்ன லீக் கோப்பையை வென்ற அன்று எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. அதற்குப் பிறகு அணி மூன்று முறை கலைந்தது, நான்கு முறை பெயர் மாறியது. கோப்பை மட்டும் திரும்பி வரவில்லை.

மைதானத்தின் சரித்திர அறை வெர்லினின் பொறுப்பு. முதலாளி கிட்ரெஜ் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

"சீசனோட முதல் மேட்ச் அன்னைக்கு, சுவர்ல இருக்கறவங்க குடும்பம் ஒண்ணுகூடக் குறை சொல்லக் கூடாது, வெர்லின். சொன்னாங்கன்னா உங்க ரூம்ல பீர் கவுண்டர்!"

இருபது வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்த அறை. பெண்டாட்டி விட்டுப் போனபோதுகூட மனிதர் இவ்வளவு கலங்கியதில்லை.

"ரொசால்பா, அந்த மீசையை எடுத்துடும்மா" என்றார். ஓவியக்காரி எடுத்தாள். அந்த அம்மாள் சந்தோஷமாகப் போய் ஊரெல்லாம் சொன்னாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் லண்ட்க்விஸ்ட் சகோதரர்கள் வந்தார்கள்.

"எங்கப்பா இடது கையால எறியறவரு. அந்தக் கையிலேயே பந்து பிடிக்கற கிளவுஸை மாட்டி விட்டா எதால எறிவாரு, காலாலயா?"

"போட்டோல அப்படித்தாங்க இருக்கு."

"அப்ப போட்டோ தப்பு!"

"போட்டோ எப்படிங்க தப்பாகும்? சட்டைல நம்ம ஊர் பேரே இருக்கு, பாருங்க!"

"சட்டையைப் பெத்தது யாருன்னு கேக்கல. எங்களைப் பெத்தவர் எங்கேன்னு கேக்கறோம்."

கிளவுஸ் கை மாறியது. மாறிய வேகத்தில் பக்கத்து ஆளின் பாதி முகத்தை மறைத்தது. அவருடைய பேத்தி வந்து நின்றாள்.

"தாத்தா மூஞ்சியை மறைச்சதுகூடப் பரவாயில்ல சார். அது தாத்தாவே இல்ல. அவருக்கு அப்பவே வழுக்கை."

வழுக்கை போட்டார்கள். உடனே ஒருவருக்கு உயரம் போதவில்லை, இன்னொருவருக்குக் காது பெரிதாக வேண்டியிருந்தது. ஒன்பது குடும்பங்களும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றன.

கடைசியில் ரொசால்பா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "சார், போட்டோல இருந்த ஒரு மூஞ்சிகூட இப்ப சுவர்ல இல்ல."

"இருக்கட்டும்மா. பீர் கவுண்டருக்கு இது தேவலை."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு குத்தியது. இருபது வருஷம் சரித்திரம் சரித்திரம் என்று உயிரை விட்டவர், சொந்தக் கையாலேயே அதற்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். உண்மை ஒருவர் கையிலாவது இருக்கட்டும் என்று அசல் புகைப்படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். அந்த அணியில் மிச்சமிருக்கும் ஒரே ஆள், தொண்ணூற்று மூன்று வயது டியூயி ஹார்க்னஸ், முதல் மேட்சுக்கு விருந்தாளியாக வரப்போகிறாரே!

அன்றைக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. குடும்பங்கள் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டன. குறை என்று ஒரு முணுமுணுப்புகூட இல்லை. கிட்ரெஜ் அம்மாள் வெர்லினின் தோளைத் தட்டினார்.

"ரூம் உங்களுக்குத்தான், போங்க."

வெர்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதே பூரிப்போடு மேடையேறி, ஆயிரக்கணக்கானவர்கள் முன்னிலையில் புகைப்படத்தைக் கிழவர் கையில் கொடுத்தார். டியூயி சுவரைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தார்.

"சுவர்ல நம்ம பசங்க ஒன்பது பேரையும் அச்சு அசலா வரைஞ்சிருக்கீங்க தம்பி, ரொம்ப சந்தோஷம், ஆனா இந்தப் போட்டோவை எதுக்குக் குடுக்கறீங்க, பஸ் மேல கட்டின சட்டைப் பெட்டி வழியில விழுந்துடுச்சுன்னு நம்ம சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு அன்னைக்கு நம்மகிட்டயே தோத்தானுங்களே, அவனுங்கல்ல இவனுங்க!"