வீணைக்கு எத்தனை லிட்டர்?

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை என்ன சொன்னாலும் மாமனார் வீட்டில் தலையாட்டுவார்கள். காபியில் சர்க்கரை கம்மி என்றால் தலையாட்டுவார்கள். உலகப் பொருளாதாரம் படுத்துவிட்டது என்றாலும் தலையாட்டுவார்கள். சராசரி அறிவுள்ளவனைக்கூட இது மேதாவியாக்கிவிடும். நான் சராசரிக்கும் கொஞ்சம் கீழே. என் கதி என்னவாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் மச்சினி வித்யாவுக்கு அந்த டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபா ஒன்றில் முதல் கச்சேரி. மத்தியானம் ஒன்றரை மணி ஸ்லாட். (சபா கேன்டீனில் சாப்பிட்டவர்கள் தூங்க வரும் நேரம். ஆனாலும் மேடை மேடைதானே.) பத்து வருஷ சாதகத்துக்குப் பிறகு கிடைத்த முதல் மேடை. சரியான நேரத்துக்கு உட்காராவிட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அடையாறு வீட்டிலிருந்து வீணையோடு எல்லோரும் போக மாமனார் வழக்கமான வேன்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வேன் எதுக்கு மாமா? என் கார் டிக்கி நானூறு லிட்டர்" என்றேன். தி.நகர் ஷோரூமில் காரை எடுத்த நாளிலிருந்து எனக்கு மனப்பாடமாயிருந்த ஒரே எண் அது.

வீணைப் பெட்டி எவ்வளவு என்ற கேள்வி வந்தது. மாமியார் ரவிக்கை தைக்க வைத்திருந்த டேப்பை எடுத்தேன். அதில் சென்டிமீட்டர் பக்கம் அழிந்துபோயிருந்ததால் அங்குலத்தில் அளந்தேன். நீளம் ஐம்பத்து நாலு, அகலம் பதினேழு, உயரம் பதினாறு. பெருக்கினால் பதினாலாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு கன அங்குலம். லிட்டருக்கு அறுபத்தொன்று சொச்சம் கன அங்குலம் என்று போனைப் பார்க்காமலே சொன்னேன். (ஆபீசில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.) வகுத்தால் இருநூற்று நாற்பது லிட்டர் சொச்சம்.

மாமனார் ரிட்டயர்டு வங்கி அதிகாரி. ஒரு கணக்கைக் கண்டால் விடமாட்டார். பேப்பர் ஓரத்தில் தானும் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாயின்ட் ஏழு வரது மாப்பிள்ளை. கரெக்ட்."

"பாக்கி நூத்தி அறுபது லிட்டர் இருக்கு மாமா. தம்புராவையும் வெச்சுக்கலாம்" என்றேன்.

என் மனைவி மைதிலி மட்டும் ஒருதரம் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்துப் பார்த்துவிடலாமே என்றாள். கணக்கு கண்ணெதிரே இருக்கும்போது இதென்ன பாமரத்தனம் என்பதுபோல் சிரித்தேன். மாமனாரும் சிரித்தார். வேன் ரத்தானது.

கச்சேரியன்று பன்னிரண்டரை மணிக்கு நானும் மாமனாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தோம். நேராக வைத்தோம், போகவில்லை. குறுக்கே வைத்தோம், போகவில்லை. சாய்த்து, தலைகீழாக்கி, பக்கவாட்டில் திருப்பினோம். டிக்கி மூன்றேகால் அடி அகலம். பெட்டி நாலரை அடி நீளம். என் லிட்டரில் எந்தத் தவறும் இல்லை. பெட்டி மட்டும் தண்ணீராக இருந்திருந்தால் அழகாக ஊற்றியிருக்கலாம்.

மாமனார் அன்று கணக்குப் போட்ட பேப்பரை எடுத்து மறுபடி பார்த்தார். "கணக்கு சரிதானே?" என்றார் பரிதாபமாக.

பின் சீட்டில் வைத்தால் கதவு மூடவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால், வெயில் பட்டு மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகு இளகிவிடும் என்று வித்யா அழ ஆரம்பித்தாள். வேன்காரர் வேறு சவாரியில் தாம்பரம் போயிருந்தார். ஆட்டோக்காரர்கள் ஆப்பில் வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே இருந்தார்கள்.

கடைசியில் மாமியார் தீர்ப்பு சொன்னார். பெட்டியின் ஒரு முனை டிக்கிக்குள், மறுமுனை வெளியே. டிக்கி மூடாது. ஆகவே பெட்டி விழாமல் யாராவது உள்ளே உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கி நூற்று அறுபது லிட்டரில் நான் ஏறி உட்கார்ந்தேன். (என் பருமனுக்கு எழுபது லிட்டர் போதும். கணக்குப்படி இன்னொரு மாப்பிள்ளைக்கும் இடமிருந்தது.)

மாமனார் ஓட்டினார். மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ பள்ளம், வீணை குலுங்கும் என்று பட்டினப்பாக்கம் வழியாகப் போனார். பட்டு வேட்டியில், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரையும் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு பஸ் டிரைவர் எனக்கு வணக்கம் வைத்தார்.

சிக்னலில் மீன் கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார்.

"இன்னா நைனா, பொட்டில சுறா கீதா?"

"வீணைம்மா."

"அத்த இன்னாத்துக்கு நீ புட்ச்சிகினு குந்திகினு கீற? கடத்திகினு போறியா?"

பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்தது.

சபா வாசலில் இறங்கும்போது ஒன்று இருபத்தைந்து. கேன்டீனிலிருந்து காபி டம்ளரோடு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். எனக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள். மாமியார் தடுத்தார்.

"மாப்பிள்ளை இருக்கட்டும். முதல்ல வீணையை எறக்குங்கோ."

வித்யா ஓடிப்போய் மேடையில் உட்கார்ந்தாள். சுருதி சேர்த்ததே திரை தூக்கிய பிறகுதான். ஆனால் முதல் கீர்த்தனை முடிந்தபோது தூங்க வந்தவர்களே கைதட்டினார்கள். கச்சேரி முடிவில் மைக்கைப் பிடித்து குருவுக்கும் பெற்றோருக்கும் நன்றி சொன்னவள், "அடையாறுலேர்ந்து வீணையை மடியில வெச்சுண்டு டிக்கில வந்த எங்க அத்திம்பேருக்கும்" என்றாள். அன்றைய கச்சேரியிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான். அவளை அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். வேனில் போனோம்.

போன வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். நர்ஸ் வெளியே வந்து, குழந்தை மூன்று கிலோ இருக்கிறாள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் என் தோளில் கை வைத்து மிக மெதுவாகக் கேட்டார்:

"லிட்டர்ல எவ்வளவு வரும் மாப்பிள்ளை?"

"அவரைக் கேக்காதீங்கோ" என்றார் மாமியார். "கொழந்தையை டிக்கில ஏத்திடுவார்."

டிஸ்சார்ஜ் அன்று குழந்தையையும் மைதிலியையும் என் காரில் வீட்டுக்கு அழைத்துப்போனது வித்யா. நான் பின்னால் ஆட்டோவில் வந்தேன்.