பின்னுக்குப் போகாத ரயில்

பிழைவிடாதவர் என்றோர் இனம் உண்டு. வாசகரே, அருகிவரும் இனமாக்கும் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மட்டும் ஒழுங்கைக்கு இருவர் இருக்கிறார்கள். பாமன்கடைக்கென்று வெளிக்கிட்டு, பஸ் மாறி ஏறிக் கல்கிசையில் இறங்கி, "கடற்காத்து உடம்புக்கு நல்லது, அதுதான் வந்தனான்" என்று அரைமணி நேரம் கடலைப் பார்த்து நின்றுவிட்டே திரும்புவார்கள். மன்னிப்பு? அது மற்றவர்கள் கேட்பது.

ஓய்வுபெற்ற எஞ்சினியர் தியாகராசா இவ்வினத்தின் முழு வளர்ச்சி. அவருடைய முன்னறை மேசையில் ஒரு குட்டி மின்சார ரயில் ஓடியது. பாதை முடிந்ததும் அது பின்னுக்கு வருவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்வாங்குவதா? ஆகவே பாதையை டென்னிஸ் மட்டைபோல வளைத்தார்: ரயில் கைப்பிடி வழியே போய், வட்டத்தைச் சுற்றி, அதே கைப்பிடியால் முன்னோக்கியே திரும்ப வேண்டும்.

கரண்டைப் போட்டார். ட்ரான்ஸ்போமர் 'ம்ம்' என்று முனகியது. ரயில் அசையவில்லை.

பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் கேதீஸ்வரன் அன்றைக்கே சொன்னான்: "அங்கிள், இடது தண்டவாளம் சுத்திவந்து வலதோட முட்டுது. பிளஸ்ஸும் மைனஸும் ஒண்டாகினா ஷோட் சேர்க்கிட்தானே. வட்டத்தின்ரை வாசல்ல ரெண்டையும் வெட்டிப் பிரிச்சு, உள்ளுக்குத் தனி வயர் குடுங்கோ. ரெயின் உள்ளுக்குச் சுத்தேக்க வெளிப்பாதையின்ரை பிளஸ் மைனஸைச் சுவிட்சால மாத்திவிட்டாச் சரி."

"வெட்டுறதோ? தண்டவாளமெண்டாத் தொடர்ந்து இருக்கவேணும், தம்பி. நான் எத்தினை பாலம் கட்டினனான்?"

பாலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பென்று அவன் கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பவன்.

அதன்பின் பிழை கடலுப்பில் இருந்தது, ஊர்க் கரண்டில் இருந்தது, ட்ரான்ஸ்போமர் விற்ற கடைக்காரனிலும் இருந்தது. மேசைக்கடியில் வயர் மட்டும் பெருகியது.

கொழும்பில் குண்டு வெடித்த வாரம் அது. வயரையும் குண்டையும் சேர்த்து யோசிக்க அவர் மனைவி கனகேஸ்வரியால் மட்டும் முடிந்தது. "இஞ்சருங்கோ, செக்கிங் வந்தா இந்தக் கண்டறியாத வயருக்கு என்ன சொல்லப்போறியள்?"

வந்தது. ஓர் அதிகாரி, இரண்டு ஆமிக்காரர். அதிகாரி மேசைக்கடியில் குனிந்தார். நிமிர்ந்து, கேதீஸ்வரனின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"மொகத்த மே?" இது என்ன?

"செல்லம் படு, சேர்," என்றாள் கனகேஸ்வரி. விளையாட்டுச் சாமான்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், தியாகராசாவா விளையாட்டுச் சாமான் வைத்திருப்பார்?

"நே, நே. சீரியஸ் வேர்க், சேர்," என்று திருத்தினார்.

கனகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியானால் ஓட்டிக் காட்டும்," என்றார் அதிகாரி சிங்களத்தில். "ஓடாவிட்டால் வயரும் இந்தப் பொடியனும் ஜீப்பில்." ஓர் ஆமிக்காரன் கேதீஸ்வரனின் தோளில் கையை வைத்தான்.

தியாகராசாவுக்குத் தெரியும். கேதீஸ்வரன் சொன்னது சரியென்று அன்றைக்கே தெரியும். 'பெடியன் சொன்னது சரி' என்ற மூன்று சொற்களும் இப்போது தொண்டைவரை வந்தன. அங்கேயே ஷோட் ஆகிவிட்டன.

இரும்பு அறுக்கும் வாளை எடுத்தார். வட்டத்தின் வாசலில் நாலு இடத்தில் தண்டவாளத்தை அறுத்தார்.

"வயரைப் பூட்டும், தம்பி. இதைத்தானே உமக்கு அண்டைக்கே சொன்னனான்? வெட்டிப் பிரிக்கவேணுமெண்டு!"

தோளில் கை இருந்தபடியே கேதீஸ்வரன் குனிந்து வயரையும் சுவிட்சையும் பூட்டினான்.

"ஓம் அங்கிள். எனக்குத்தான் விளங்கேல்லை."

ரயில் புறப்பட்டது. வட்டத்துக்குள் நுழைந்தது. அவன் சுவிட்சைத் தட்டினான். ரயில் முன்னோக்கியே வெளியே வந்தது. ஆமிக்காரன் சிரித்துவிட்டான், இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அன்று அந்த அறையில் ஓரங்குலமும் பின்னுக்குப் போகாமல் எதிர்த்திசைக்குத் திரும்பியவை இரண்டு. ஒன்று ரயில்.

ஜீப் போனபிறகு கனகேஸ்வரி கேட்டாள்: "ஒரு நன்றி சொன்னால் என்ன?"

"ஆருக்கு?" என்றார் தியாகராசா.

இப்படித்தான் முடியுமென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது என்கிறீர்களா, வாசகரே? இருக்கட்டும். நீங்கள் அதைச் சொல்லும்போது பக்கத்தில் யாராவது "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறார்களா பாருங்கள். அவர் தோளில் யாருடைய கை இருக்கிறதென்றும் பாருங்கள்.